லடாக்கில் இருக்கும் தம்பிக்குப் பொங்கல் பார்சல்: எதை அனுப்பலாம், எப்படி அனுப்பலாம்?

சாத்தூர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி அக்னிவீரராகச் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, இப்போது லடாக் பக்கம் இருக்கிறான். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடுக்கு அம்மாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் ஒரு தடவை லீவில் வந்தான், அவ்வளவுதான். அக்னிவீரர்களுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு என்பதால் பொங்கலுக்கு வர வழியில்லை என்று இப்போதே சொல்லிவிட்டான். வீட்டில் எல்லாரும் கூடும் நாளில் அவன் மட்டும் அங்கே இருப்பானே என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. அதனால் ஒரு பார்சல் அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

போனில் கேட்டால், "எல்லாம் இங்கேயே கிடைக்குதுக்கா, ஒண்ணும் வேண்டாம்" என்பான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற செருப்பு பிய்ந்து போனால்கூட வாய் திறந்து சொல்ல மாட்டான், நாமாகப் பார்த்து வாங்கித் தரவேண்டும். ஆகவே அவனைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டு ஆட்களுக்கு அனுப்பிப் பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மா போட்டிருக்கும் பட்டியல் இது: சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், அதிரசம், எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, மோர் மிளகாய், தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில். அப்பா தன் பங்குக்கு ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்திருக்கிறார். இதில் எது போகும், எது போகாது?

அடுத்தது விலாசம். அவன் அனுப்பிய விலாசத்தில் ஊர் பெயரே இல்லை. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏபிஓ, ஒரு பின்கோடு. பக்கத்தில் இருக்கும் கூரியர் ஆபீசில் காட்டினால், "லே என்று ஊர் பெயர் போட்டுக் கொடுங்கள், போய்ச் சேர்ந்துவிடும்" என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

அவனோடு இருக்கிற பையன்களுக்கும் சேர்த்துத்தான் அனுப்பவேண்டும், அவன் தனியாகத் தின்கிறவன் இல்லை. எவ்வளவு வைத்தால் சரியாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

பழைய தபால்காரர்:

தங்கச்சி, முதலில் அந்தக் கூரியர் யோசனையை விட்டுவிடுங்கள். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம், அந்த விலாசத்துக்குத் தனியார் கூரியர் போகாது. லே என்று ஊர் பெயர் எழுதினால் பார்சல் லே ஊருக்குள் போய், அங்கே வாங்க ஆளில்லாமல் கிடந்து திரும்பி வரும். உங்கள் தம்பி கொடுத்த விலாசத்தில் ஊர் இல்லாதது சரியானதுதான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

நான் தபால் துறையில் கிளார்க்காக இருந்து, டெபுடேஷனில் ராணுவத் தபால் பிரிவுக்குப் போனவன். நாக்பூர் பக்கம் காம்ப்டியில் பயிற்சி கொடுத்து, சீருடையும் ரேங்கும் தந்து அனுப்புவார்கள். 1972 மார்ச் 1 முதல் அது தனிப் பிரிவாக இயங்குகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலத் தபால் துறையிலிருந்து போனவர்கள்தான். அதனால் அந்தப் பார்சல் எந்த வழியாகப் போகும் என்று சொல்ல முடியும்.

நம் பின்கோடு 6-ல் தொடங்குகிற மாதிரி ராணுவத்துக்கு 9-ல் தொடங்கும். சாத்தூர் போஸ்ட் ஆபீசில் கவுண்டரில் இருப்பவர் 9-ல் தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். 56 ஏபிஓ என்றால் பார்சல் டெல்லியில் இருக்கிற ராணுவ மையத் தபால் நிலையத்துக்குப் போகும். 99 ஏபிஓ என்றால் கொல்கத்தாவில் இருப்பதற்குப் போகும், அது வடகிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு. எந்த யூனிட் இப்போது எங்கே இருக்கிறது என்பது அந்த மையத்தில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். அங்கே பிரித்து, பையில் கட்டி, களத் தபால் நிலையத்துக்கு அனுப்புவார்கள். யூனிட்டிலிருந்து தினமும் டாக், அதாவது தபால், வாங்க ஒரு ஜவான் வருவார். அவர் கையில் போய், அவர் வழியாகத் தம்பி கைக்குப் போகும். வெளியில் யாருக்கும் இடம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. ஆகவே பார்சலின் மேல் லே, லடாக், கார்கில் என்று எதையும் எழுதாதீர்கள். இங்கேயும் யூனிட் பெயரைப் போடாமல் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். பார்சலைப் படம் எடுத்து விலாசத்தோடு வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எழுதும்போது கவனம் இது: ராணுவ நம்பர் முதலில். ஒரே யூனிட்டில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நம்பர்தான் ஆளைக் காட்டும். அப்புறம் ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், 56 ஏபிஓ, பின்கோடு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், டெல்லியில் பிரிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. அதே விலாசத்தை உங்கள் விலாசத்தோடு ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் வையுங்கள். மேலே இருக்கிற தாள் கிழிந்துபோன பார்சல்கள் எத்தனையோ எங்கள் மேஜைக்கு வந்திருக்கின்றன. உள்ளே அட்டை இருந்தவை ஆளிடம் போய்ச் சேர்ந்தன.

ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். ரசீதில் இருக்கிற எண்ணை வைத்து இணையத்தில் பார்க்கலாம். ஆனால் டெல்லி ராணுவ மையத்துக்குப் போன பிறகு பெரும்பாலும் தகவல் எதுவும் ஏறாது. அதைப் பார்த்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று அம்மாவைப் பயமுறுத்திவிடாதீர்கள். அதற்குமேல் நடப்பதை வெளியில் காட்டமாட்டார்கள்.

எத்தனை நாள் என்று உறுதியாக யாரும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் லேக்குப் போகிற சாலையில் இருக்கும் ஜோஜி லா கணவாய் பனியில் மூடிவிட்டால் டாக் விமானத்தை நம்பித்தான் இருக்கும். டெல்லியில் மூடுபனி, லேயில் மேகம் என்றால் விமானமும் நிற்கும், பைகள் அடுக்கி வைத்தபடி இருக்கும். பொங்கலுக்குக் கையில் இருக்கவேண்டும் என்றால் கார்த்திகை பாதிக்குள் போட்டுவிடுங்கள். மார்கழி பிறந்து அனுப்பினால் பொங்கலுக்குப் போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான்.

பவர் பேங்க் வேண்டாம். லித்தியம் பேட்டரி தபாலில் போகக்கூடாது, விமானத்தில் ஏற்றுகிற பைக்குள் அது இருப்பது ஆபத்து. தீப்பெட்டி, லைட்டர், சென்ட் ஸ்பிரே, இவையும் அப்படித்தான். பணம் வைக்காதீர்கள்.

அப்புறம் என்னிடமிருந்து ஒரு வேண்டுகோள். எண்ணெய்ப் பண்டம் எதுவாக இருந்தாலும், கசியாது என்று நூற்றுக்கு நூறு தெரிந்தால் மட்டும் வையுங்கள். ஒரு ஊறுகாய் பாட்டில் உடைந்தால் உங்கள் பார்சலோடு முடிந்துவிடாது. அதே பையில் இருக்கிற அத்தனை பேருடைய கடிதமும் போகும். மஞ்சள் எண்ணெயில் ஊறின கவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலில் காயவைத்திருக்கிறோம். சிலவற்றில் மை கரைந்து பெயரே தெரியாது. யாரோ ஒரு தாய் எழுதினது, யாருக்கு என்று தெரியாமல் நிற்கும்போது மிகவும் கஷ்டமாக இருக்கும்.

ஹவில்தார் வீட்டம்மா:

அக்கா, நான் வேலூர் பக்கம். எங்களுக்குக் கிட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். எனக்கு மாமனாரும் பட்டாளம், வீட்டுக்காரரும் பட்டாளம். மாமியார் கட்டின பார்சலைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஐயா விலாசத்தைச் சொல்லிவிட்டார், நான் தீனியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். லடாக்குக்கு அனுப்புவதும் அருணாச்சலுக்கு அனுப்புவதும் ஒன்று இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார். வடகிழக்கில் ஈரக்காற்று, முறுக்கு மூன்றாம் நாளே நமுத்துவிடும், இனிப்பில் பூஞ்சை வரும். லடாக்கில் காற்று காய்ந்து கிடக்கும், நமுத்துப் போகிற பேச்சே இல்லை. அங்கே தொல்லை வேறு: எல்லாம் இறுகிவிடும். அதிரசம் வைக்காதீர்கள். நம் வீட்டில் மெத்தென்று இருக்கிறது அங்கே பல்லால் கடிக்க முடியாமல் போய்விடும். ஆசைப்பட்டுச் சுட்டு அனுப்பி, பிள்ளை அதை டீயில் ஊறப்போட்டுக்கொண்டு இருப்பான்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நாம் காற்றோடு ஒட்டி அனுப்புகிற பாக்கெட் அங்கே போனதும் பூரி மாதிரி உப்பி நிற்கும், ஒட்டினது பலவீனமாக இருந்தால் பிளந்துகொள்ளும். அதனால் எந்தக் கவரையும் கையால் நன்றாக அழுத்தி, காற்றை வெளியே விட்டு, அப்புறம் ஒட்டுங்கள். ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் கசிவதும் பெரும்பாலும் இதனால்தான். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மூடி வழியாக எண்ணெயைத் தள்ளும்.

எலுமிச்சை ஊறுகாய்க்குப் பதில் உப்பு நார்த்தங்காய் அனுப்புங்கள். சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் காய்ந்தது. எண்ணெயே கிடையாது, மாதக்கணக்கில் இருக்கும், கவரில் போட்டுக் கட்டினால் போதும். புளிக்காய்ச்சலுக்குப் பதில் புளியோதரைப் பொடி. புளியை இழை இழையாக எடுத்து வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, மல்லி, மிளகாய், வெந்தயம், எள், கடலைப் பருப்பு, பெருங்காயம் எல்லாம் வறுத்துச் சேர்த்து அரைத்தால் பொடியாகவே வரும். சோற்றில் போட்டுக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் போதும்.

இட்லிப் பொடி தாராளமாக அனுப்புங்கள். எள் போடுகிறதாக இருந்தால் குறைத்துப் போடுங்கள், எள் எண்ணெய் விட்டுச் சிக்கு வாடை வரும். மோர் மிளகாய் வேண்டாம், அங்கே அவன் எங்கே எண்ணெய் காயவைத்துப் பொரிப்பான்? அப்பளம், வடகம் எல்லாம் இதே கதைதான். சேமியா, ரவா உப்புமா மிக்ஸ் என்றும் வாங்கிவிடாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எதுவும் சட்டென்று வேகாது. பிரித்து அப்படியே வாயில் போடுகிற பண்டம்தான் அங்கே உதவும்.

சேவும் கடலை மிட்டாயும் அருமை. சேவு அன்றைக்குச் சுட்டதாக, நன்றாக ஆறினதாக வாங்குங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். கடலை மிட்டாய் குளிருக்கு நல்லது, உடம்புக்குச் சூடு தரும்.

எல்லாவற்றையும்விட நான் சொல்வது பொரிவிளங்காய் உருண்டை. அந்தக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு காசிக்குப் போகிறவர்கள் கையில் இதுதான் இருக்கும் என்று மாமியார் சொல்வார். புழுங்கலரிசி இரண்டு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு. அரிசியைப் பொரிகிற மாதிரி வறுக்கவேண்டும், பயறு வாசம் வந்து சிவக்கவேண்டும். சுக்கும் ஏலக்காயும் சேர்த்து நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெல்லப்பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் உருட்டுகிற பதம் வரவேண்டும். மாவைக் குவித்து நடுவில் குழித்து, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சூடு தாங்கத் தாங்கப் பிடிக்கவேண்டும். கை சிவந்துவிடும், அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடியுங்கள். ஆறினால் பிடிக்க வராது. வழக்கமாகத் தேங்காய்ப் பல் போடுவோம், இதற்குப் போடாதீர்கள், காறிப்போகும். அளவு நெல்லிக்காய்க்கு மேல் வேண்டாம். சின்னதாக இருந்தால் வாயில் ஒதுக்கிக்கொண்டே டியூட்டி பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

தேங்காய் எண்ணெய் அங்கே எப்போதும் உறைந்துதான் இருக்கும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும் எண்ணெய் அது. லேயில் ஜனவரி ராத்திரி மைனஸ் 15க்கும் கீழே போகும். பாட்டிலில் அனுப்பினால் சுரண்டிக்கூட எடுக்க முடியாது. ஆனால் அங்கே உதடும் குதிகாலும் பிளந்து ரத்தம் வரும், அதற்கு ஏதாவது வேண்டும். வாய் அகன்ற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வாஸ்லின், உதட்டுக்குத் தடவுகிற குச்சி இரண்டு, இவை போதும். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் அவர்கள் கேன்டீனிலேயே நம்மைவிட மலிவாகக் கிடைக்கும், அதற்கு எடை செலவழிக்காதீர்கள்.

மாஜி சுபேதார்:

அம்மா, நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பார்சல் வாங்குகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தம்பி வெலிங்டனில் பயிற்சி எடுத்தவன் என்கிறீர்கள், அது எங்கள் ரெஜிமெண்டின் பயிற்சி மையம். அப்படியென்றால் அவனோடு இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிற பிள்ளைகள். லங்கரில், அதாவது யூனிட் சமையல்கூடத்தில், இட்லி, தோசை, சாம்பார் உண்டு. பொங்கலும் ஓணமும் யூனிட்டிலேயே கொண்டாடுவோம், யூனிட் கோயிலில் பூஜை இருக்கும், பெரிய சாப் எல்லாரும் வருவார்கள். அவன் அன்றைக்குத் தனியாக இருக்கமாட்டான், அதை அம்மாவிடம் சொல்லுங்கள். இட்லிப் பொடி அனுப்பச் சொன்ன தங்கச்சி நன்றாகச் சொன்னார். லங்கர் இட்லிக்கு வீட்டுப் பொடி வந்தால் அன்றைக்கு அந்த மேஜைக்கு ஆட்கள் தானாக வருவார்கள்.

ஆனால் யூனிட் இருக்கிற இடம் வேறு, மேலே மலையில் இருக்கிற காவல் போஸ்ட் வேறு. தம்பி சில மாதம் மேலே போகவேண்டி வரும். அங்கே லங்கர் கிடையாது. டப்பாவில் வருகிறதைச் சூடு பண்ணிச் சாப்பிடுவோம். முட்டையும் ஆரஞ்சும் சுத்தியல் வைத்து அடித்தாலும் உடையாது. உயரம் ஏற ஏறப் பசியே எடுக்காது. சாப்பிடவில்லை என்றால் உடம்பு விழுந்துவிடும் என்று தெரியும், ஆனாலும் வாய்க்குள் போகாது. சாக்லேட் கொட்டிக் கிடக்கும், யாரும் தொடமாட்டோம். இனிப்பு திகட்டும். அப்போது மனசு கேட்பதெல்லாம் புளிப்பும் உறைப்பும்தான். அந்த உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தால் வாய் ஊறும், அப்புறம் இரண்டு ரொட்டி உள்ளே போகும். புளி மிட்டாய், காய்ந்த நெல்லிக்காய், மாங்காய் வற்றல், சுக்குப் பொடி, இந்த வகையை அதிகமாக வையுங்கள். பொரிவிளங்காயும் கடலை மிட்டாயும் கீழே யூனிட்டில் இருக்கும்போது தின்ன நல்லது.

சியாச்சின் பக்கம் போகிறவர்களுக்கு 1984-ல் அந்தப் பனிமலையைப் பிடிக்க ஆபரேஷன் மேகதூத் தொடங்கின காலத்திலிருந்தே ஹெலிகாப்டரை நம்பித்தான் பிழைப்பு. வானம் தெளிந்தால் முதலில் மண்ணெண்ணெய், ரேஷன், மருந்து. இடம் இருந்தால் டாக். பெரிய பெட்டி கீழே பேஸிலேயே கிடக்கும், மேலே போகிறவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவு பொட்டலம் என்றால் வந்துவிடும். ஆகவே ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் கொட்டி வைக்காதீர்கள். ஒரு பெட்டிக்குள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வையுங்கள், அவன் பிரித்து எடுத்துக்கொள்வான். வருஷத்துக்கு ஒரு தடவை இருபது கிலோ அனுப்புவதைவிட, மாதத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று கிலோ வந்தால் ஜவானுக்கு ரொம்பத் தெம்பு. டாக் வரும் நாளில் தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். கூப்பிடாமல் போனால் எதுவும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பையன் கூடாரத்துக்குள் போவான். நான் செக்ஷன் கமாண்டராக இருந்தபோது அந்த முகங்களைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

எவ்வளவு என்று கேட்டீர்கள். ஒரு செக்ஷன் என்றால் பத்துப் பேர். ஆளுக்கு இரண்டு வருகிற கணக்கில் வையுங்கள், போதும். தனியாக அவனுக்கு என்று எழுதி ஒரு சின்னப் பொட்டலம் வேண்டும். இல்லையென்றால் உங்கள் தம்பி மாதிரிப் பையன்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். "இது உனக்கு மட்டும், அம்மா சொன்னது" என்று அம்மா கையாலேயே எழுதி ஒட்டுங்கள். அதை அவன் மீறமாட்டான்.

கருவாடு யாராவது சொன்னால் வேண்டாம். எனக்குப் பிடித்ததுதான், ஆனால் மூடின பங்கருக்குள் அந்த வாசம் வாரக்கணக்கில் போகாது, சாப்பிடாதவர்களும் அதே இடத்தில்தான் படுக்கவேண்டும்.

ஜிபிஎஸ் உள்ள வாட்ச், கேமரா, இந்த மாதிரி எதையும் கேட்காமல் அனுப்பாதீர்கள். அங்கே அனுமதி இல்லையென்றால் அவனுக்குத்தான் சிக்கல்.

இன்னொன்று. பெட்டிக்குள் இடைவெளி அடைக்கத் தெர்மோகோல் வாங்காதீர்கள். தமிழ்ப் பேப்பரைக் கசக்கி வையுங்கள். நாங்கள் அதைத் தரையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நீவி, சுருக்கம் எடுத்து, வரி விடாமல் படிப்போம். எந்தத் தேதி என்று யாரும் பார்ப்பதில்லை. ஊரில் மழை பெய்த செய்தி, கல்யாண விளம்பரம், சினிமா தியேட்டர் பட்டியல், எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும். எங்கள் போஸ்டில் ஒரு மதுரைப் பையன், தன் தெருப் பெயர் வந்திருந்த ஒரு துண்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு லீவுக்குப் போகிறவரை எடுக்கவில்லை. உங்கள் ஊர்ப் பதிப்பாகப் பார்த்து, கிழியாத முழுத் தாளாக வையுங்கள்.

கடிதம் அவசியம் எழுதுங்கள். போனில் தினம் பேசுகிறோமே என்று விடாதீர்கள். மேலே சிக்னல் இல்லாத இடத்தில் போன் எதற்கும் உதவாது, கடிதத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சாத்தூர் அக்கா:

ஐயாவுக்கும், ஹவில்தார் வீட்டுத் தங்கச்சிக்கும், சுபேதார் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யூனிட்டில் பொங்கல் வைப்பார்கள் என்றதும்தான் அம்மாவுக்கு நிம்மதி. உப்பு நார்த்தங்காய் வீட்டிலேயே ஜாடி நிறைய இருக்கிறது. அவன் காய்ச்சலில் படுத்தால் கஞ்சிக்கு அதைத்தான் கேட்பான், எனக்கு எப்படி ஞாபகம் வராமல் போனது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாசிப்பயறு வறுக்க வாங்கியாயிற்று. அப்பா பவர் பேங்கை எடுத்து வைத்துவிட்டு, அவரே கடிதம் எழுதுகிறேன் என்று என் பையனுடைய நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார். அப்பா கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. குலதெய்வம் கோயில் விபூதி வைக்கலாமா? பெட்டியின் மேல் துணி சுற்றித் தைக்கவேண்டும் என்கிறார்களே, இப்போதும் அது தேவையா, டேப் ஒட்டினால் போதாதா?

பழைய தபால்காரர்:

விபூதி தாராளமாக வைக்கலாம். தாளில் மடித்து ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே விபூதி என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியலும் மேலாக வையுங்கள், வழியில் யாராவது பார்க்க நேர்ந்தால் எல்லாவற்றையும் கலைக்கமாட்டார்கள். தீர்த்தம் மட்டும் வேண்டாம்.

கவுண்டரில் துணி கேட்கமாட்டார்கள், ஆனால் நான் தைக்கத்தான் சொல்வேன். வெறும் டேப் அந்தக் குளிரில் பசை விட்டு உரிந்துவிடும். பெட்டியை டேப்பால் ஒட்டி, அதன் மேல் காடாத் துணி சுற்றி, சாக்கு ஊசியால் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். விலாசத்தைத் துணியிலேயே அழியாத மார்க்கரால் எழுதுங்கள். எழுதின பிறகு கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், மை கலையாமல் இருந்தால் கொண்டுபோய்ப் போடலாம். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், அன்றைய பையிலேயே ஏறிவிடும்.